அயலாரின் கோழிகளும் அவசரத் தீர்ப்பும்



நம் சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு வேலி உண்டு. ஆனால் கோழிகளுக்கு எல்லை கிடையாது. ஒரு வீட்டுக் கோழி மறு வீட்டுக் குப்பையைக் கிளறும். மூன்றாம் வீட்டு வைக்கோற்போரில் முட்டையிடும். மாலையானதும் நான்காம் வீட்டு முருங்கை மரத்தில் ஏறி உறங்கும். எனவே ஒருவருடைய கோழிகள் எந்நிலையில் இருக்கின்றன என்பதை அவ்வீட்டார் மட்டுமன்றித் தெருவே அறியும். இறகு உதிர்ந்து, கொண்டை வெளுத்து, மெலிந்த கோழியொன்று கண்ணில் படுமாயின், "இந்த வீட்டார் வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள்" என்னும் பேச்சு எழுவது இயல்பு.

இப்பேச்சு சிறிய பேச்சன்று. புறக்கடைக் கோழி ஏழைத் தாய்மாரின் சேமிப்பாகும். பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும், திடீரென வரும் காய்ச்சலுக்கும், விருந்தினர் வருகைக்கும் அக்குடும்பம் நம்பியிருப்பது கோழியையே. அதனைக் கொண்டு ஒரு பெண்ணை இரக்கமற்றவள் என்று ஊரார் முன் பழித்துவிட்டால், அவளுடைய நற்பெயர் கெடுகிறது. அண்டை வீட்டு உறவு முறிகிறது. அதே வேளையில், கண்ணெதிரே ஓர் உயிர் தண்ணீரின்றி வாடும்போது, "நமக்கேன் ஊர் வம்பு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கிறிஸ்தவப் பண்பாகாது. பழி கூறாமலும் பாராமுகமாய் இராமலும் நடந்துகொள்வது எவ்வாறு? இதனைச் சற்று ஆராய்வோம்.

திருச்சபையின் போதனை

விலங்குகளும் பறவைகளும் இறைவனின் படைப்புகள் என்பது விவிலியம் முழுவதும் ஊடுருவி நிற்கும் உண்மை. கூட்டில் முட்டைகளுடனோ குஞ்சுகளுடனோ தாய்ப்பறவையைக் காண்பவன் தாயைப் பிடித்துக்கொள்ளலாகாது என்று இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் விதிக்கின்றது. நேர்மையாளன் தன் கால்நடைகளின் உயிரைக் கருதிப் பார்ப்பான் என்று நீதிமொழிகள் நூல் 12ஆம் அதிகாரத்தில் கூறுகின்றது. யோனா நூலின் இறுதியில், நினிவே நகரின் மக்களோடு அந்நகரின் கால்நடைகளையும் ஆண்டவர் எண்ணிப் பார்க்கின்றார். ஓய்வுநாளில் கூட மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை என்பதை இயேசு ஆண்டவரே லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் தம் எதிரிகளுக்கு நினைவூட்டுகின்றார்.

1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2416ஆம் எண் முதல் 2418ஆம் எண் வரையில் இப்பொருளை எடுத்துரைக்கின்றது. விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். உணவுக்காக அவற்றைப் பயன்படுத்துதல் தகும். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானவை. அதே வேளையில், மனிதரின் துயர் துடைக்க முதலிடம் தந்து செலவிட வேண்டிய பொருளை விலங்குகளுக்கென வாரி இறைப்பதும் முறையன்று. இந்நான்கும் சேர்ந்ததே நம் போதனை. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடலாகாது.

அதே நூல் எட்டாம் கட்டளையை விளக்கும்போது, போதிய ஆதாரமின்றி அயலார்மீது ஒழுக்கக் குறையைச் சுமத்துவது அவசரத் தீர்ப்பு எனும் பாவம் என்கிறது. அயலாரின் சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளிலேயே கொள்ளவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. ஆகவே கோழியைக் காக்க விரும்புகிறவர், அதன் உரிமையாளரின் நற்பெயரையும் காக்கக் கடமைப்பட்டவர்.

கண்ணை ஏமாற்றும் தோற்றங்கள்

நன்கு பேணப்படும் கோழியே சில வேளைகளில் பார்வைக்குப் பரிதாபமாகத் தோன்றும். கோழி வளர்த்துப் பழகாதோர் இவற்றை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, இறகுதிர்வு. ஓராண்டு கடந்த கோழி ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகுகளைக் களைந்து புதியன பெறும். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, உடல், இறக்கை, வால் என்று உதிர்வு செல்லும். முழுவதும் முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அக்காலத்தில் முட்டை நின்றுவிடும். கொண்டையின் சிவப்பும் மங்கும். உதிர்ந்த இடத்தில் ஊசிமுனை போலக் குருத்திறகுகள் முளைத்திருந்தால் அது இயற்கையான மாற்றமே.

இரண்டாவது, அடைக்கோழி. முட்டைகளின்மேல் 21 நாள்கள் படுத்திருக்கும் தாய்க்கோழி, நாளுக்கு ஒருமுறை சிறிது நேரமே எழுந்து வந்து இரையெடுத்து நீர் பருகும். அதனால் உடல் இளைக்கும், கொண்டை வெளுக்கும், முட்டைகளுக்குத் தன் உடற்சூடு நேரே படும்படி மார்பு இறகுகளையும் அது இழந்திருக்கும். மெலிவெல்லாம் பட்டினியால் வந்ததன்று. சில மெலிவு தாய்மையால் வந்தது.

மூன்றாவது, சேவல் மிதிப்பதால் பெட்டைகளின் முதுகிலும் பின்தலையிலும் இறகு தேய்ந்து போதல். கூட்டத்தில் சேவல்கள் மிகுந்திருப்பின் இது அதிகம். உரிமையாளர் ஓரிரு சேவல்களைக் குறைக்க வேண்டும் என்பதன்றி, இதில் கொடுமை எதுவும் இல்லை. பிறவியிலேயே கழுத்தில் இறகில்லாத இனமும் உண்டு. அதைக் கண்டு யாரோ இறகைப் பிடுங்கிவிட்டதாக எண்ணுவோரும் இருக்கின்றனர்.

நான்காவது, மண்குளியலும் வெயில் காய்தலும். புழுதியில் குழி பறித்து, ஒருக்களித்து விழுந்து, கால்களை உதைத்து, மண்ணை உடலெங்கும் வாரியடிக்கும் கோழி, அறியாதார் கண்ணுக்கு வலிப்பு கண்டதுபோல் தோன்றும். உண்மையில் பேனையும் உண்ணியையும் போக்கிக்கொள்ள அது செய்யும் நீராட்டு அது. இறக்கையை விரித்து வெயிலில் சாய்ந்து கிடப்பதும் அவ்வாறே.

ஐந்தாவது, வாய் திறந்து மூச்சிரைத்தல். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆகையால் சித்திரை வெயிலில் அலகைத் திறந்து இரைத்தும், இறக்கைகளை உடலிலிருந்து அகற்றி வைத்தும் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நிழலும் நீரும் அருகே இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. அவை இரண்டும் இல்லையெனில் அதுவே பேராபத்து.

மரத்தில் உறங்குவதும் குப்பையைக் கிளறி இரை தேடுவதும் நாட்டுக்கோழியின் பிறவிக் குணங்கள். கம்பும் குருணையும் வேளாவேளைக்கு அளந்து போடவில்லை என்பதைக் கொண்டு ஒரு வீட்டாரைக் குறை கூற இயலாது. புல், புழு, கறையான், சிந்திய தானியம் ஆகியவற்றால் தன் உணவில் பெரும்பகுதியை அது தானே தேடிக்கொள்ளும். மேயும் நிலம் சுருங்கிப்போன இடத்திலும், மேயவிடாது அடைத்து வைத்த இடத்திலும் மட்டுமே நிலைமை மாறுகிறது. அங்கே உணவளிக்கும் கடமை முழுவதும் மனிதரைச் சேர்ந்தது.

மெய்யான புறக்கணிப்பின் அடையாளங்கள்

அங்ஙனமாயின் எதைக் கொண்டு அறிவது? முதலில் தண்ணீர்க் கலத்தைப் பாருங்கள். வளர்ந்த கோழியொன்று சாதாரண நாளில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் பருகும்; கோடையில் இருமடங்கும் வேண்டியிருக்கும். கலம் ஒருமுறை காலியாய் இருந்ததைக் கொண்டு முடிவு செய்யவேண்டாம். கோழியே அதைக் கவிழ்த்திருக்கலாம். காலை, நண்பகல், மாலை என வெவ்வேறு வேளைகளில், சில நாள்கள் தொடர்ந்து காலியாகவும் பாசி படிந்தும் கிடக்குமாயின், அது கவலைக்குரியது.

அடுத்து, மாலையில் கூடடையும் நேரத்தில் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் மேய்ந்த கோழியின் இரைப்பை நிறைந்து புடைத்திருக்கும். மாலையிலும் அது வெறுமையாக இருந்து, மார்பெலும்பு கத்திமுனை போல் கைக்குத் தட்டுப்படுமாயின், அக்கோழி பசியாலோ நோயாலோ வாடுகிறது. காலையில் இரைப்பை வெறுமையாய் இருப்பது இயல்பே.

இறக்கையின் அடியிலும் எச்சத்துளையைச் சுற்றிலும் பேன் மொய்த்திருத்தல், கால் செதில்கள் மேலெழும்பித் தடித்திருத்தல், பாதத்தின் அடியில் வீங்கிய புண், எச்சம் ஒட்டிக் காய்ந்த பின்புறம், கழிவு அள்ளப்படாமல் மூக்கைத் துளைக்கும் காரநெடி வீசும் கூடு, நிமிர்ந்து நிற்கவும் இறக்கை விரிக்கவும் இடமில்லாத அடைப்பு, நிழலற்ற இடத்தில் குட்டைக் கயிற்றில் கட்டிய சேவல் ஆகியவை கவனிப்பின்மையைக் காட்டுவன.

நோயைப் புறக்கணிப்பெனக் கொள்ளாதிருக்கவும் எச்சரிக்கை தேவை. கூட்டத்திலிருந்து விலகி, இறகைச் சிலிர்த்து, கண்களை மூடிக் குறுகி நிற்கும் கோழி நோயுற்றது. பச்சையாகவும் வெள்ளையாகவும் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது பெரும்பாலும் கழிச்சல் நோய். நம் நாட்டில் 1927ஆம் ஆண்டில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிகேத் எனும் ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிகேத் நோய் என்றே பெயர் பெற்றது. ஒரே வாரத்தில் ஒரு வீட்டுக் கோழிகள் அனைத்தையும் அது வாரிச் செல்லக்கூடும். எவ்வளவு அன்பாய் வளர்த்தாலும் தடுப்பூசி இல்லையெனில் தப்புவது அரிது. இழப்பில் அழுதுகொண்டிருக்கும் வீட்டாரைப் பார்த்து, "நீங்கள் கவனிக்கவில்லை" என்று கூறுவது எரியும் புண்ணில் உப்பிடுவதாகும்.

பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீரென மடியுமானால், அவற்றைத் தொடாமல் கால்நடை மருந்தகத்திற்கு அறிவித்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்த நாள்முதல் இவ்வெச்சரிக்கை நம் அனைவருக்கும் உரியதாயிற்று.

ஒரு கிளைக்கிராமத்தில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், எம் பொறுப்பிலிருந்த பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். கணவனை இழந்து தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர் ஏழு கோழிகள் வைத்திருந்தார். அடுத்த வீட்டு இளைஞர், நகரத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், ஒருநாள் திருப்பலி முடிந்ததும் எம்மிடம் வந்து, "சாமி, அந்தப் பாட்டி கோழிகளைப் பட்டினி போட்டே சாகடிக்கிறாங்க. சாக்கடைத் தண்ணியைத்தான் குடிக்குதுங்க. நான் போலீசில் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றார். அவர் குரலில் வன்மம் இல்லை; உண்மையான வேதனை இருந்தது. ஆனால் அதற்கு முன்னரே தெருவில் அவர் உரக்கப் பேசிவிட்டதால், இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த இரு தாய்மார் கோழி வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் மூதாட்டியைக் காணச் சென்றனர். மூன்று நாள்கள் சென்று பார்த்து அவர்கள் கூறியது இது: ஏழில் இரண்டு இறகுதிர்வில் இருந்தன, ஒன்று அடையில் இருந்தது, இவற்றில் குறையில்லை. ஆனால் எஞ்சிய நான்கும் பேன் மொய்த்து மெலிந்திருந்தன. தண்ணீர்ச் சட்டி உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. எனவே இளைஞர் கண்டது முழுப்பொய்யன்று.

காரணத்தைக் கேட்டபோதுதான் நெஞ்சு கனத்தது. மூதாட்டிக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. சட்டி உடைந்ததையும் அவர் அறியார். கோழியின் இறக்கையடியில் பேன் ஊர்வதையும் அறியார். முழங்கால் வலியால் தெருக் குழாய்க்குச் சென்று நீர் சுமக்க இயலாமல், நாளுக்கு ஒரு குடம் நீரில் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அடுப்பும் நாளுக்கு ஒருமுறையே எரிந்திருக்கிறது. "எனக்குக் கஞ்சி காய்ச்சுற அன்னைக்கு அதுகளுக்கும் ஒரு பிடி போடுவேன் தாயி" என்றாராம். கோழிகளுக்கு இருந்த குறை அத்தனையும் முதலில் அவருக்கே இருந்தது. கோழிகளின் மெலிவைக் கண்ட தெருவில், கோழிக்காரியின் மெலிவைக் கண்டவர் எவருமில்லை.

செய்தி அறிந்த இளைஞர் வாய் பேசாது நின்றார். மறுநாள் முதல் அவருடைய அன்னை காலைதோறும் இரண்டு குடம் நீர் கொண்டுபோய் ஊற்றினார். அதில் ஒரு பங்கு புதுச் சட்டிக்குச் சென்றது. கால்நடை மருந்தகத்தில் பேனுக்கு மருந்து கிடைத்தது. இலவசக் கண் சிகிச்சை முகாமொன்றில் மூதாட்டிக்கு ஒரு கண்ணில் அறுவை நடந்தது. அழைத்துச் சென்றவர் அந்த இளைஞரே. மூன்று கோழிகளை விற்றுவிட்டு நான்கை மட்டும் வைத்துக்கொள்ள மூதாட்டி தாமே முடிவு செய்தார்.

காவல் நிலையத்திற்கு அன்று மனு போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோழிகள் ஒருவேளை பிழைத்திருக்கும். பார்வையற்ற மூதாட்டி அவமானத்தோடு இருளிலேயே இருந்திருப்பார். தன் உயிரினங்களைப் பேணி வந்த ஒருவர் திடீரெனப் பேணாமல் விடுவாராயின், நோய், முதுமை, வறுமை, மனச்சோர்வு, மதுவால் குலைந்த குடும்பம் இவற்றில் ஏதோவொன்று அவ்வீட்டினுள் நுழைந்திருக்கக் கூடும். கவனிப்பாரற்ற கோழிக்கூடு சில நேரங்களில் அவ்வீட்டார் வாய்விட்டுக் கூற இயலாத துயரத்தின் அடையாளம்.

எவ்வாறு அணுகுவது?

குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவேண்டும், பின்பு ஓரிருவரை உடன் கொண்டு செல்லவேண்டும், அதன்பின்பே சபைக்கு அறிவிக்கவேண்டும் என்று நம் ஆண்டவர் மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வகுத்த முறை இங்கும் வழிகாட்டும்.

1. பலமுறை பாருங்கள். ஒருநாட் காட்சியைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். கோழி வளர்ப்பில் பழகியவர் ஒருவரிடம், வீட்டாரின் பெயரைக் கூறாமலேயே, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள்.

2. தனியே பேசுங்கள். தெருக்குழாயடியிலும் கோயில் வாசலிலும் இப்பேச்சு வேண்டாம். "உங்கள் கோழி பட்டினி கிடக்கிறது" என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைவார். "அக்கா, நம்ம கோழிக்கு உடம்பு சரியில்லையா? ஒதுங்கி ஒதுங்கி நிக்குதே" என்று கேட்டால் அவர் மனம் திறப்பார்.

3. உதவி செய்யுங்கள். ஒரு சட்டி நீரும், உடைந்த கூட்டுக்கு ஒரு பலகையும், தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை நினைவூட்டும் ஒரு சொல்லும் நீண்ட அறிவுரையினும் மேலானவை. பகைவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரத்தில் பணிக்கின்றது. உரிமையாளர் நண்பரா பகைவரா என்பது கேள்வியே அன்று.

4. ஓரிருவரை உடன் கொண்டு செல்லுங்கள். அவர் மதிக்கும் பெரியவர், உறவினர், கால்நடை உதவியாளர் ஆகியோரின் சொல்லுக்குப் பயன் உண்டு.

5. இவை யாவும் பயனற்றுப் போய், வேண்டுமென்றே கொடுமை தொடருமானால், அதிகாரிகளுக்கு அறிவிப்பது கடமையே. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. ஆகவே கோழியும் அதில் அடங்கும். போதிய உணவு, நீர், உறைவிடம் தராதிருப்பதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், தேவையற்ற வலி உண்டாகும்படி தூக்கிச் செல்வதும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்கள். முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. தொகை சிறிதெனினும் காவல் நிலையப் படியேறும் அவமானம் ஏழைக்குப் பெரிது. ஆகவே இது கடைசிப் படியாகவே இருக்கட்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்னும் எண்ணில் அழைப்பது பல வேளைகளில் அதனினும் பயனுடையது.

பிறர் வீட்டுக் கோழியை இரவோடிரவாக அவிழ்த்துக் கொண்டுபோதலோ, அவரறியாமல் மருந்து கொடுத்தலோ கூடாது. நல்ல நோக்கம் களவை நியாயப்படுத்தாது.

நம் வீட்டுக் கொல்லையில்

அயலாரின் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றி இவ்வளவு பேசிய பின், நம் கண்ணிலுள்ள மரக்கட்டையையும் நோக்குதல் வேண்டும். பழக்கம் என்ற பெயரில் நாம் செய்து வருவன சில உண்டு.

அடைப்பருவம் கலைய வேண்டுமென்று கோழியின் மூக்குத் துளையில் இறகைச் செருகுவதும், நீரில் மீண்டும் மீண்டும் முக்கி எடுப்பதும் இன்னும் மறையவில்லை. காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் நீரும் வைத்துச் சில நாள்கள் விட்டாலே அடை தெளிந்துவிடும். சந்தைக்குக் கொண்டு செல்கையில் கால்களைக் கட்டி, தலைகீழாக மிதிவண்டிக் கைப்பிடியில் தொங்கவிடுவதைச் சிறுவர் முதல் பெரியவர் வரை பார்த்துப் பழகிவிட்டோம். காற்றுப் புகும் கூடை ஒன்றுக்கு அதிகச் செலவாகாது.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு நடைப்பயணம் புறப்படுவோர், கோழிகளை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அன்னையின் திருநாளாகிய செப்டம்பர் 8 வரை பஞ்சாரத்தின்கீழ் வாடும் கோழிகளை அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்வது பயண ஏற்பாட்டில் ஒரு பகுதியாக வேண்டும். கோயில் திருவிழாக் கடைகளில் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகளின் அழுகைக்கு இரங்கி வாங்கிக் கொடுக்கிறோம். முதற் சில வாரங்கள் குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாயின் இறக்கையோ விளக்கின் சூடோ வேண்டும். அவையில்லாமல் இரண்டொரு நாளில் அது மடியும்போது, உயிர் என்பது விளையாட்டுப் பொருள் என்னும் பாடத்தை நாமே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடம் கோழிக்கு நீர் வைக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். காலையில் செபம் முடித்ததும் சட்டியைக் கழுவி நீர் நிரப்புதல் ஐந்து நிமிட வேலை. சிறியதில் நம்பிக்கைக்குரியவராய் இருத்தலை அது அவர்களுக்குப் பழக்கும். அயல்வீட்டுச் சட்டி காலியாகக் கிடந்தால், அதைப் பற்றிப் பேசும் முன் அதை நிரப்பிவிட்டு வரவும் கற்றுக்கொடுங்கள்.

எருசலேம் மக்கள்பால் தமக்கிருந்த அன்பை எடுத்துக்கூற நம் ஆண்டவர், குஞ்சுகளைத் தன் இறக்கைக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியைத்தான் உவமையாகக் கொண்டார். அவ்விறக்கையின் கீழ் இடம் தேடும் நாம் அயலார்மீது கல்லெறிகிறவர்களாய் இருத்தல் தகுமோ? இம்மாதத்தில் ஒருநாள், வேலிக்கு அப்பால் வாடி நிற்கும் கோழி எதையேனும் கண்டால், அவ்வீட்டுக் கதவைத் தட்டி, முதலில் அங்குள்ளோரின் நலத்தை விசாரியுங்கள். கோழியின் நலம் அப்பேச்சில் தானே வரும். இறைவன் உங்கள் குடும்பங்களையும், உங்கள் கொல்லையில் உலவும் உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.